யார் வீட்டு உறைமோர்

அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கதையை எழுத உட்காருகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்டு எழுந்து போகிறார்கள். படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. லிஃப்டில் அவர் ஏறினால் நான் இறங்கிப் படியில் போகிறேன், முழங்கால் வலியோடு.

கல்கத்தாவில், பாலிகஞ்ச் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு ஐந்து மாடி. நாங்கள் நாலாவது, அவர் இரண்டாவது. என் கணவர் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டியவள். என்னிடம் தொலைந்த கோப்பு கிடையாது. என்னை ஏமாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன குமாஸ்தாவும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்போது என் பெருமைக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான், எங்கள் வீட்டுத் தயிர்.

கல்கத்தாவில் தயிர் என்றால் சர்க்கரை போட்டு மண்சட்டியில் உறைய வைத்த தயிர். அதைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட முடியாது. அதனால் இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் உறைமோரை ஒன்றுக்கொன்று கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. ஒரு வீட்டில் கெட்டுப்போனால் அடுத்த தெருவிலிருந்து ஒரு கரண்டி வரும். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. விளக்கு வைத்த பிறகு மட்டும் கொடுக்கமாட்டோம். கொடுத்ததற்குக் கணக்கு வைத்துக்கொள்வதும் கிடையாது.

எங்கள் தயிர் சித்திரை வெயிலில் ஒன்றரை நாள் வெளியே கிடந்தாலும் புளிக்காது. கத்தியால் வெட்டலாம் என்கிற அளவுக்குக் கெட்டி. யாராவது புகழ்ந்தால் உடனே கதையை ஆரம்பித்துவிடுவேன். கல்யாணமாகி நான் வந்தபோது என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து எவர்சில்வர் தூக்கில் உறை கொண்டுவந்தார், சென்னையில் வண்டி மாறும்போதுகூட அதைக் கீழே வைக்கவில்லை, அன்றிலிருந்து முப்பத்துநாலு வருஷம் ஒரு நாள்கூட அறுந்துபோகாமல் வருகிற உறை இது என்று சொல்வேன். கட்டடத்தில் இந்தக் கதையைக் கேட்காதவர் கிடையாது. லிஃப்டுக்காரருக்குக்கூடத் தெரியும்.

இரண்டாம் மாடிக்காரர் பேராசிரியர். நுண்ணுயிர் பற்றிப் பாடம் நடத்துகிறவர். குடிவந்த இரண்டாவது வாரமே கண்ணாடிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "பௌதி, ஒரே ஒரு ஸ்பூன்," என்றார். இங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணை அண்ணி முறையில் பௌதி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்தார். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது அதில் இரண்டு சந்தேஷ், இந்த ஊர்ப் பால் இனிப்பு, இருக்கும். என்ன பால், எத்தனை மணி நேரம், ஏன் புளிக்கவில்லை என்று கேட்பார். நான் மாமியார் கதையைச் சொல்வேன். படித்த மனிதர் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியாது. புகழ்ச்சிக்கு நான் அடிமை. இதை மறைப்பானேன்?

அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்து, கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் கீழே கூடி ஒருவருக்கொருவர் பிஜயா, அதாவது விஜயதசமி, வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். பேராசிரியர் எழுந்து மைக்கைப் பிடித்தார். மச்சினரோடு சேர்ந்து சின்னக் கம்பெனி ஒன்று ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். அதிலிருக்கிற பொடியை வெதுவெதுப்பான பாலில் கலந்தால் மறுநாள் தயிர், எந்த வெயிலிலும் புளிக்காது, பல வருஷ ஆராய்ச்சி, காப்புரிமைக்கு விண்ணப்பித்தாகிவிட்டது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தபோதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பாலில் கலந்து வைத்தேன். மறுநாள் காலையில் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டு வாசலில் பார்த்தால் தெரியாதா? எங்கள் வீட்டில் பதினாலு வருஷமாகச் சமைக்கிறவளைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தேன். அவள் ருசி பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கடுகு தாளிக்கப் போய்விட்டாள்.

புனேயில் இருக்கும் என் மகள் இணையத்தில் தேடி விண்ணப்பத்தை எடுத்து அனுப்பினாள். அந்த நுண்ணுயிரைத் தயிரிலிருந்து பிரித்து, பருத்தி இழையில் ஏற்றி, நிழலில் உலர்த்திப் பொடியாக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். அது எங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரே வரி: உள்ளூர்ச் சந்தையில் வாங்கிய தயிர்.

சந்தையில் வாங்கிய தயிராம்! திருடினதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுத் தயிரைக் கடைச் சரக்கு என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. இரண்டு வருஷம் என் கையால் அள்ளிப் போட்ட அத்தனை கரண்டியும் கண்முன் வந்தது.

"போனா போவுது, விடு. தயிரு தானே," என்றார் என் கணவர்.

"உங்க பென்ஷனை ஒருத்தன் எடுத்துட்டுப் போயி ரோட்டுல கிடந்துச்சின்னு சொன்னா விட்டுருவீகளா?"

"அது வேற, இது வேற."

"ஒண்ணுதான். நீங்க சும்மா இருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டேன். ஒரு மாதம் சட்டத்தைப் படித்தேன். அலிப்பூரில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் உதவினார். விஷயம் ரொம்பச் சுலபம். இந்த நாட்டின் செடியையோ விதையையோ நுண்ணுயிரையோ வைத்துக் காப்புரிமை கேட்பவர், அது எங்கிருந்து வந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் மறுக்கலாம். அந்த முறை ஏற்கெனவே ஒரு கூட்டத்து மக்களுக்கு வாய்வழியாகத் தெரிந்திருந்தாலும் மறுக்கலாம். யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். இதோடு இன்னொரு வழியும் சட்டத்தில் இருந்தது. பொருளும் அறிவும் யாருடையதோ அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, வருகிற பலனில் அவர்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டு அவர் தொழிலை நடத்தலாம். அந்தப் பக்கத்தை நான் ஒரு தடவை படித்துவிட்டுப் புரட்டிவிட்டேன். எனக்குப் பங்கு வேண்டாம். அந்த ஆள் மண்ணைக் கவ்வ வேண்டும்.

முதல் மனுவில் ஒன்றை மட்டும் சொன்னேன். மூலம் பொய், அது சந்தைத் தயிர் அல்ல, சான்றுகளைப் பின்னால் தருகிறேன். தபாலில் சேர்த்துவிட்டு வந்த அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அவர் கைக்கு நோட்டீஸ் போகும் காட்சியை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஒருவரைக் கறுவிக்கொண்டிருப்பதில் இத்தனை தெம்பு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மூட்டுவலி மாத்திரையைக்கூட மறந்துபோனேன்.

அடுத்தது சாட்சி. அவர் கிண்ணத்தோடு வந்து போனதையும், எங்கள் உறை ஒருநாளும் அறுந்ததில்லை என்பதையும் நேரில் பார்த்தவள் என் வீட்டுச் சமையற்காரிதான். கல்கத்தாவுக்குத் தெற்கே கேனிங் பக்கத்து ஊர். தினமும் காலையில் டோட்டோ என்கிற பேட்டரி வண்டி பிடித்து, கேனிங் லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டு பாலிகஞ்ச் வந்து இறங்குவாள். எங்கள் திருநெல்வேலித் தமிழ் என் மகளைவிட அவளுக்கு நன்றாக வரும். என் மகளுக்கு வங்காளம்தான் வாயில் சரளம். சமையற்காரிக்காக ஒரு பிரமாணப் பத்திரத்தை வங்காளத்தில் எழுதி, சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். மாமியார், தூக்கு, முப்பத்துநாலு வருஷம் எல்லாம் அதில் இருந்தது.

முழுதும் கேட்டாள். பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல நான் கையெளுத்துப் போட மாட்டேன் பௌதி. இது பொய்யில்லா."

"எது பொய்?"

"உங்க மாமியார் உறை செத்துப் போச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்காக நாங்கள் நாலு மாதம் புனேயில் இருந்தோம். உறையை டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டுச் சாவியை அவளிடம் கொடுத்திருந்தேன். அந்தக் கோடையில் பெரும் புயல் அடித்து நாலு நாள் கரண்ட் இல்லை. அவள் ஊர்ப் பக்கம் உப்புத்தண்ணீர் ஏறி ரயிலும் ஓடவில்லை. அவள் வந்து பார்த்தபோது ஃப்ரீசர் முழுக்க நாற்றம். டப்பாவைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நாங்கள் திரும்புகிற தேதி தெரிந்ததும் அவள் வீட்டிலிருந்து உறை கொண்டுவந்து எங்கள் பாத்திரத்தில் போட்டு வைத்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஏசுவீங்க. போன மாசம் ஒரு கண்ணாடிக் கிளாஸ் உடைஞ்சதுக்கு எவ்வளவு ஏசுனீங்க?"

அது உண்மை. நான் ஏசியிருப்பேன். புனேயிலிருந்து வந்த அன்று நான் தயிரை வாயில் வைத்துவிட்டு, எங்க ஊர் உறைக்கு எவ்வளவு உசிரு பாத்தியா என்று அவளிடமே பெருமை அடித்தது ஞாபகம் வந்தது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுத் தயிரை யாரும் கேட்டு வந்ததில்லை. அது சாதாரணத் தயிர். வெயிலில் புளிக்கும்.

அவள் நிறுத்தவில்லை. அவள் தெருவில் ஆறு வீட்டுப் பெண்கள் அந்த உறையைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கிடையாது. பருத்தித் துணியைத் தயிரில் முக்கி, நிழலில் காயப்போட்டு, மூங்கில் குழாயில் அடைத்துக் கூரையில் செருகிவைப்பார்கள். வெள்ளம் வந்து வீடே நனைந்தாலும் துணி பிழைத்துவிடும். ஒரு துண்டைக் கத்தரித்துப் பாலில் போட்டால் மறுநாள் தயிர். அந்தத் தயிரை அவள் நாத்தனாரும் இன்னும் மூன்று பேரும் கேனிங் ஸ்டேஷன் பக்கம் சட்டியில் வைத்து விற்கிறார்கள். போன மாதம் கம்பெனி ஆள் ஒருவன் வந்து, காப்புரிமைக் காகிதம் வந்துவிட்டால் துணியை உலர்த்துவது எங்கள் உரிமை, அப்புறம் எங்களிடம் பொடி வாங்கித்தான் நீங்கள் தயிர் போட வேண்டும் என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"துணி விஷயம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன். படியில பாத்தப்ப, இந்த உறை எப்படி இப்படி இருக்குன்னு கேட்டார். எங்க வீட்டுதுன்னு சொன்னேன். எப்படிக் காப்பாத்துவீங்கன்னு கேட்டார். சொன்னேன். ஒரு துண்டு கேட்டார், குடுத்தேன். உறை கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"எங்கிட்ட சொல்லத் தோணலையா?"

"அவர் கேட்டார் பௌதி. நீங்க கேக்கல."

அன்று அவள் போன பிறகு எனக்கு வந்த கோபம் பேராசிரியர்மேல் வந்ததைவிடப் பெரிது. உள்ளதைச் சொல்கிறேன், அவளை வேலையைவிட்டு நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். இத்தனை வருஷம் நான் கதை சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். என்னை எவ்வளவு பெரிய அசடாகப் பார்த்திருப்பாள்! மறுநாளிலிருந்து நாலு நாள் அவளோடு பேசவில்லை. அவள் வந்தாள், சமைத்தாள், போனாள். சாம்பாரில் மட்டும் காரம் ஏறிக்கொண்டே போயிற்று.

ஐந்தாம் நாள் வாசல் மணி அடித்தது. பேராசிரியர். கையில் கிண்ணம் இல்லை, ஒரு கவர் இருந்தது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"பௌதி, ஃபார்ம் நிரப்பினவர் தப்பா எழுதிட்டார்," என்றார். "திருத்திடலாம். இதைக் கொடுத்தது நீங்க. உங்க வீட்டுச் சமையலறை, உங்க மாமியார் கொண்டுவந்த உறை, எல்லாத்தையும் எழுதிடறேன். உங்க பேரும் வரும், உங்களுக்குப் பங்கும் வரும். நீங்க மனுவை வாபஸ் வாங்கினாப் போதும்."

நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கோ அது யார் உறை என்று நன்றாகத் தெரியும். படியில் நிறுத்தி அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர். இப்போது அவளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு அதை எனக்குத் தூக்கிக் கொடுக்கிறார், நான் வாங்கிக்கொள்வேன் என்ற நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இது என்னுடையது இல்லை, அவளுடையது, அவளிடமும் அந்த ஆறு வீட்டுப் பெண்களிடமும் பேசுங்கள் என்று. அன்றைக்கு அவர் எதற்கும் சம்மதித்திருப்பார். அவர்கள் பெயர் விண்ணப்பத்தில் ஏறியிருக்கும், பங்கும் கிடைத்திருக்கும். நான் புரட்டிவிட்ட அந்தப் பக்கம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் அவருக்கும் காப்புரிமை கிடைத்துவிடும். கம்பெனி நடக்கும். அடுத்த பிஜயாவில் மறுபடி மைக்கைப் பிடிப்பார்.

"எழுத்துல திருத்திக் குடுங்க. சத்தியப் பிரமாணத்தோட," என்றேன். "அப்புறம் மனுவைப் பத்தி யோசிக்கிறேன்."

கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பேசியது ஒவ்வொன்றும் நிஜம். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வாங்கிக்கப் போறீங்களா பௌதி?"

"அவனைத் தொலைக்கப் போறேன். நீ நடந்ததை நடந்தபடி சொல்லுவியா?"

"எங்க பேரு வருமா?"

"வரும்," என்றேன்.

மூன்று வாரத்தில் அவருடைய திருத்தம் பதிவாயிற்று. என் சமையலறைதான் மூலம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் காகிதத்தின் நகல் என் கைக்கு வந்த பிறகுதான் அவளுடைய பிரமாணப் பத்திரத்தைக் கூடுதல் சான்றாகக் கொடுத்தேன். முதலில் சந்தை என்று ஒரு பொய். இப்போது என் சமையலறை என்று இரண்டாவது பொய். ஒரு தடவை என்றால் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவது தடவைக்கு எந்த வக்கீலிடமும் பதில் கிடையாது. முப்பத்தொரு வருஷ அலிப்பூர் அனுபவம் வீண்போகவில்லை.

விசாரணை அன்று காப்புரிமை அலுவலகத்துக்கு அவள் நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மூங்கில் குழாயையும் கொண்டுவந்திருந்தாள். அதிகாரி வங்காளத்தில் கேட்டார், அவள் மெதுவாகப் பதில் சொன்னாள். துணியை எப்படி முக்குவது, எத்தனை நாள் காயவைப்பது, யார் யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியரை எங்கே பார்த்தாள் என்றும் சொன்னாள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். உறை என்னுடையது இல்லை, என் வீட்டு உறை செத்துப்போய்விட்டது என்று எழுந்து நின்று சொன்னேன். அதைச் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பேராசிரியருடைய முகம் வெளிறிப்போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் சுகமாக இருந்தது. அந்த முகத்தை நான் இன்றைக்கும் எடுத்துப் பார்த்துக்கொள்வதுண்டு.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. என் கணவர் கரியாஹாட் போய் ஒரு பெட்டி ரசகுல்லா வாங்கிவந்தார். கேனிங்கில் அந்தப் பெண்களை மிரட்டின ஆள் அதன் பிறகு வரவில்லை. அவர்கள் பாட்டுக்குத் தயிர் விற்கிறார்கள். இதை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டால் நான் நல்லவளாகிவிடலாம்.

உத்தரவை அவளுக்கு வங்காளத்தில் வாசித்துக் காட்டினேன். ஏழு பக்கம். நடுவில் அவள் கேட்டாள், "எங்க பேரு எங்க வருது?"

தேடினேன். துணி உலர்த்தும் முறை வருகிற இடத்தில் எல்லாம் 'எதிர்ப்பாளரின் சமையற்காரி' என்றுதான் இருந்தது. அதிகாரி மேல் தப்பு இல்லை. நான் கொடுத்த எழுத்து வாதத்தில் அவளை அப்படித்தான் குறிப்பிட்டிருந்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மற்ற ஐந்து வீட்டைப் பற்றி ஒரே சொல், 'அண்டை வீட்டார்'. அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் காய் நறுக்கப் போனாள்.

ஒரு வாரம் கழித்து அவள் வேலைக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் என் எதிரில் வந்து நின்றாள். பேராசிரியர் படியில் நிறுத்திப் பேசியிருக்கிறார். அவருக்கும் என்மேல் வஞ்சம் இருக்காதா?

"பௌதி, ஒண்ணு கேக்கேன். எங்க பேரைப் போட்டு, எங்களுக்கும் பங்கு குடுத்து, அவரும் கம்பெனி நடத்துற மாதிரி ஒரு வழி இருந்துச்சாமே. நீங்க வேண்டாம்னு சொன்னதாலதான் போச்சுன்னு சொல்லுதார். அது நிஜமா?"

அந்த ஆள் சொன்னால் எதையும் பொய் என்று சொல்லத் தயாராக இருந்த வாய் என்னுடையது. அன்றைக்கு, "நிஜந்தான்," என்றேன்.

"உங்களுக்கு அது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அன்றைக்கு மேஜையில் நான் அவளிடம் கேட்ட அதே கேள்வி. "அவன் ஜெயிச்சிருவானேன்னுதான் சொல்லல," என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அவமானமாக இருந்தது. அதற்கு நடுவிலும் அவர் தோற்றது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. அன்றைக்குப் புளிக்குழம்பு வைத்தாள். அது எப்போதும்போல நன்றாகவே இருந்தது.

மறு வாரம் மதியம் வேலை முடிந்ததும் ஒரு காகிதக் கட்டோடு மேஜையில் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் ஊர்ப் பஞ்சாயத்தில் அந்தப் பகுதிச் செடி கொடி, விதை, கைமுறை எல்லாவற்றையும் எழுதிவைக்கிற பதிவேடு ஒன்று இருக்கிறதாம். அதில் சேர்க்க எழுதித் தர வேண்டுமாம். "உங்க வங்காளக் கையெளுத்து நல்லா இருக்கும்லா. நான் சொல்லுதேன், நீங்க எளுதுங்க," என்றாள்.

அவள் சொன்னாள், நான் எழுதினேன். துணியின் நீளம், நிழல், மூங்கில் எல்லாம் வந்தது. ஆறு பெண்களின் முழுப் பெயர், கணவன் பெயர் இல்லாமல். ஒரு பெயரில் நான் எழுத்துப்பிழை விட்டபோது திருப்பி எழுதச் சொன்னாள். இந்த ஆறு பேரும் சம்மதித்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பங்கு தராமல் வெளியாள் யாருக்கும் இதைக் காட்டவோ கொடுக்கவோ கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சட்டத்தில் நான் புரட்டிவிட்ட பக்கத்தை அவள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். என்னிடம் கேட்கவில்லை.

"வெளியாள்னா யாரு யாருன்னு விளக்கி எளுதணுமே," என்றேன், பழைய ஆபீஸ் புத்தியில்.

"எங்க தெருவுல இல்லாதவங்க எல்லாம். கம்பெனி, புரொஃபசர்." தாளை விரலால் தொட்டாள். "வேலை பாக்குற வீட்டுக்காரங்களும். அதையும் எளுதுங்க."

எழுதினேன். எழுத்து கோணாமல் வந்தது. எந்தத் தாளாக இருந்தாலும் அடியில் எழுதியவர் பெயரைப் போடுவது அலிப்பூரில் எனக்குப் பழகிப்போன வழக்கம். பேனாவை அங்கே கொண்டுபோனேன். அவள் என் கைக்கு அடியிலிருந்து தாளை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அது வேண்டாம் பௌதி," என்றாள். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.